கூலிம் பஸ்ஸின் நட்டம் யார் கணக்கில்?

கெடா மாநிலத்துக் கூலிமில் வீடு, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலை என்று இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பினாங்குத் தீவுக்கு ஒரு மாநகர் மன்றம், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக்கு ஒரு மாநகர் மன்றம், கூலிமுக்கு ஒரு நகராண்மைக் கழகம். மூன்றும் ஒட்டி ஒட்டி இருக்கும் ஊர்கள். மூன்றும் கூடித் திட்டமிட்டு, செலவையும் பகிர்ந்துகொண்டு, கூலிமிலிருந்து தீவுக்கு ஒழுங்கான பஸ் விட்டால் என்ன? யார் தடுக்கிறார்கள்?”

யாரும் தடுக்கவில்லை, தம்பி. தடுக்கிற ஆள் ஒருவர் இருந்திருந்தால் அவர் கதவைத் தட்டிச் சண்டையாவது போட்டிருக்கலாம். இங்கே ஆளுக்கு ஒரு துண்டு அதிகாரம். முழு பஸ் யார் கையிலும் இல்லை.

நான் ஓர் ஊராட்சி மன்றத்தின் பொறியியல் பிரிவில் 28 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மன்றம் என்பது இப்போது வேண்டாம். ஒரு முறை, கடிதத்துக்கு மேல் கடிதம் போன பிறகு, ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்கு, முன்னால் நிழற்குடை கட்டினோம். தகரக் கூரை, சிமெண்டு பெஞ்சு, குப்பைத் தொட்டி, எல்லாம் விதிப்படி. பெயிண்ட் வாசனை போய் நான்கு மாதம் ஆகவில்லை, பஸ் வேறு சாலைக்கு மாறிவிட்டது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இருக்கவில்லை. பிறகு ஓர் அம்மா காலை வேளையில் அங்கே நாசி லெமாக் விற்க ஆரம்பித்தார். நல்ல சம்பால். அவரை எழுப்பிவிடப் போன அமலாக்கப் பிரிவினரே ஆளுக்கு இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மன்றம் செலவழித்த பணத்தில் பயன் கண்டவர் அந்த அம்மா ஒருவர்தான்.

அந்தத் துண்டுகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை போக்குவரத்தை மத்திய அரசாங்கத்திடமும், நிலத்தையும் ஊராட்சியையும் மாநிலத்திடமும் கொடுத்திருக்கிறது. ஆகவே 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி பஸ்ஸுக்கு உரிமம் தருவது புத்ராஜெயா, அதாவது மத்திய அரசாங்கம். இதற்கென்று தனி ஆணையம் ஒன்று இருந்தது. 2019இல் அதைக் கலைத்துப் போக்குவரத்து அமைச்சுக்குள் ஒரு முகமையாகச் சேர்த்துவிட்டார்கள். 2007 முதல் இங்கே பஸ் ஓட்டும் ரேப்பிட் பினாங்கு, நிதியமைச்சுக்குச் சொந்தமான பிரசரானாவின் நிறுவனம். பெருஞ்சாலை ஒருவருடையது, கூட்டரசுச் சாலை பொதுப்பணித் துறையுடையது, தாமான் சாலையும் நடைபாதையும் நிழற்குடையும் ஊராட்சி மன்றத்துடையது. ஃபெரியில் கடலைக் கடந்தால் அது துறைமுக நிறுவனத்துடையது. கூலிமில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே ஹைடெக் தொழிற்பூங்காவுக்கென்றே தனி ஊராட்சி மன்றம் இருக்கிறது. நீங்கள் மூன்று மன்றம் என்றீர்கள், அது நான்கு.

ஒரு காலத்தில் எல்லாம் ஒரே கையில் இருந்தது. ஜோர்ஜ்டவுன் நகராட்சி தானே மின்சாரம் தயாரித்தது, 1906இல் அந்த மின்சாரத்தில் டிராம் ஓட்டியது, 1920களில் டிராலி பஸ்ஸுக்கு மாறியது, 1961 வரை அதை ஓட்டியது. சாலையும் வண்டியும் மின்கம்பியும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். 1957இல் மலாயாவின் முதல் மாநகரமாக ஜோர்ஜ்டவுன் ஆனபோது அதன் முதல் மேயராக உட்கார்ந்தவர் டி. எஸ். இராமநாதன். அவர் பெயரில் ஒரு சாலை இன்றும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதற்கு நிரந்தரப் பூட்டுப் போட்டது. அன்று முதல் மேயரையும் மன்ற உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கிறது. தேர்தலை மீண்டும் நடத்தப் பினாங்கு அரசு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2014இல் அங்கே தோற்றது.

தேர்தல் வந்தால் மறுநாளே பஸ் வந்துவிடும் என்று நான் நம்புகிறவன் அல்லன். டிராம் ஓடிய நாளில் ஆயர் ஈத்தாமோடு ஊர் முடிந்துவிட்டது. கூலிமிலிருந்து எவரும் தினமும் தீவுக்கு வேலைக்கு வரவில்லை. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வட்டாரம் தொடங்கியது. 1985இல் பாலம் திறந்தது. 2014இல் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலம் வந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செபராங் பிறையின் தொகை தீவின் தொகையை மிஞ்சி நிற்கிறது. வேலை தீவில், வீடு பெருநிலத்தில், அதிலும் பலருக்குக் கெடாவில். இராமநாதனையே மறுபடி கொண்டுவந்து உட்கார வைத்தாலும் கூலிமை அடுத்த லூனாஸ்காரருக்கு அவர் பஸ் விட முடியாது. லூனாஸ் அவர் மாநிலத்திலேயே இல்லை.

இனி காசுக்கு வருவோம். என் பார்வையில் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

மாநிலங்களுக்கு என்னென்ன வருமானம் என்று அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை சொல்கிறது. நிலம், கனிமம், காடு, கேளிக்கை வரி என்று போகும் பட்டியல் அது. வருமான வரியும் விற்பனை வரியும் அதில் கிடையாது. பினாங்கில் காடும் கனிமமும் எவ்வளவு இருக்கும்? மிஞ்சுவது நிலம். நிலமும் தீர்ந்த இடத்தில் கடல். பினாங்குப் போக்குவரத்துப் பெருந்திட்டத்துக்குப் பணம் திரட்டத் தீவின் தெற்கே மூன்று செயற்கைத் தீவுகளை எழுப்பி விற்பது என்று மாநில அரசு கணக்குப் போட்டது இதனால்தான். 2015இல் அதற்கென்று ஒரு கூட்டு நிறுவனத்தையும் நியமித்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன, கடைசியில் மூன்று தீவு ஒன்றாகச் சுருங்கியது. மீனவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் மாநில அரசை மட்டும் திட்டுகிறவர்கள், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பணம் கேட்டு அது வேறு எந்தக் கதவைத் தட்டியிருக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய அரசாங்கம் எல்ஆர்டி என்னும் இலகு ரயில் திட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 29.5 கிலோமீட்டர் நீள முத்தியாரா தடத்துக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரல் வரை அது போகும். நல்ல காரியம். ஆனால் இரண்டு மாநகர் மன்றங்களுக்கும் அதில் விருந்தாளி நாற்காலிதான். நிலையத்துக்கு வெளியே நடைபாதை போடுவது அவர்கள் வேலை.

ஊராட்சி மன்றத்தின் சொந்த வருமானம் இன்னும் சின்னது. வீட்டு வரி, அதாவது நாம் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டும் சுக்காய் பிந்து, அதோடு உரிமக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், அபராதம். சாலைக்கு மட்டும் மேலே இருந்து பணம் வரும் வழி உண்டு. மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கு மத்திய அரசாங்கம் மானியம் தர வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 109ஆவது பிரிவு சொல்கிறது. ‘மாரிஸ்’ என்று ஒரு பதிவேடு இருக்கிறது. புதுச் சாலை போட்டு, அதன் நீள அகலத்தை அதில் ஏற்றிவிட்டால், ஆண்டுதோறும் பணம் வரும். என் மேசையில் அந்தப் படிவம் இல்லாத நாளே கிடையாது. பஸ்ஸுக்கு அப்படிப் பதிவேடும் இல்லை, படிவமும் இல்லை. ஒரு கிலோமீட்டர் சாலை கூடினால் மன்றத்துக்கு வரவு, ஒரு கிலோமீட்டர் பஸ் கூடினால் செலவு. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் எதைக் கூட்டுவீர்கள்?

இந்த நிலைமையிலும் மன்றங்கள் ஒன்றும் செய்யாமல் இல்லை. ஜோர்ஜ்டவுனுக்குள் இலவசமாக ஓடும் கேட் பஸ்ஸுக்குத் தீவின் மாநகர் மன்றம் பணம் கொடுக்கிறது, ரேப்பிட் பினாங்கு ஓட்டுகிறது. சிலாங்கூரில் 2015 முதல் ஸ்மார்ட் சிலாங்கூர் இலவச பஸ் ஓடுகிறது. கோலாலம்பூரில் கோகேஎல். ஆனால் கவனித்துப் பாருங்கள், எவர் பணம் கொடுக்கிறாரோ அவர் எல்லைக்குள்ளேயே பஸ் பெரும்பாலும் சுற்றுகிறது. வீட்டு வரி கட்டுகிறவனைத் தாண்டிப் பக்கத்து ஊர்க்காரனுக்குச் செலவழித்தால் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டும்.

சேரவே மாட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையை யார் அடைப்பது, எங்கே வண்டி நிறுத்துவது, தேர் எந்தத் தெருவில் எந்த நேரம் திரும்பும் என்பதையெல்லாம் காவல்துறை, மாநகர் மன்றம், இந்து அறப்பணி வாரியம், கோயில்கள் எல்லாம் உட்கார்ந்து பேசித்தான் முடிக்கிறார்கள். தேதி தள்ளிப் போகாது, அதனால் பேச்சும் முடிந்துவிடுகிறது. இன்னொன்று, 2019இல் வந்த வாகன நிறுத்தச் செயலி. தீவில் நிறுத்தினாலும் புக்கிட் மெர்தாஜாமில் நிறுத்தினாலும் கைப்பேசியில் ஒரே செயலிதான், இரண்டு மன்றங்களுக்கும் பொது. வசூலிக்கும்போது இவ்வளவு அழகாகச் சேர்கிறவர்களுக்குச் செலவழிக்கும்போது சேரத் தெரியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாநில எல்லையைத் தாண்டித் திட்டமிடச் சட்டத்தில் இடம் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. 2001இல் திருத்தப்பட்ட நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் பரவிக் கிடக்கும் வட்டாரத்துக்கு ஒரு வட்டாரத் திட்டக் குழு அமைக்கலாம் என்கிறது. குழு திட்டம் தீட்டலாம், ஆலோசனை சொல்லலாம். அதன் கையில் காசோலைப் புத்தகம் கிடையாது. முடா ஆற்றுத் தண்ணீருக்கே பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் இரண்டு மாநிலங்களை வெறும் ஆலோசனையால் ஒரே பஸ்ஸில் ஏற்ற முடியாது. அமெரிக்காக்காரர்கள் இதை 1962லேயே புரிந்துகொண்டார்கள். 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறங்களில் மாநிலமும் ஊராட்சிகளும் கூடித் திட்டமிட்டால்தான் மத்திய நெடுஞ்சாலைப் பணம் என்று சட்டம் போட்டார்கள். பகைவர்கள்கூட மேசைக்கு வந்தார்கள், மேசையில் பணம் இருந்ததால். அவர்கள் அந்தப் பணத்தில் பெரும்பாலும் சாலையாகவே போட்டுத் தள்ளினார்கள் என்பது வேறு கதை.

இப்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கூலிமிலிருந்து தீவுக்கு பஸ் இல்லை என்று எவர் சொன்னது? விடியற்காலை ஐந்தரைக்கு லூனாஸ் பக்கம் சாலையோரம் நில்லுங்கள். முன்கண்ணாடியில் கம்பெனி பெயர் எழுதிய அட்டையோடு பஸ் வரும், பின்னாலேயே இன்னொரு அட்டையோடு இன்னொரு பஸ், அதற்குப் பின்னால் ஒரு வேன். பேக்டரி பஸ். என் தங்கை 19 வருடம் அதில்தான் பாலம் தாண்டினாள். குளிருக்கு ஸ்வெட்டர், மடியில் சாப்பாட்டு டப்பா, ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் தூக்கம். அவள் இறங்கும் இடத்துக்கு அடுத்த கட்டடத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், அதே நேரத்தில், அதே சாலையில், பாதி காலியாகப் போகும் வேறொரு பஸ்ஸில் போனாள். ஒருத்தியின் பஸ் தவறினால் மற்றவளின் பஸ்ஸில் ஏற முடியாது. மழையில் நின்று அழாத குறையாக வீடு திரும்பி, அரை நாள் சம்பளம் போயிற்றே என்று புலம்புவாள்.

கூலிம், சுங்கைப்பட்டாணி, பாரிட் புந்தார் என்று மூன்று மாநிலங்களை இணைக்கும் வட்டாரப் போக்குவரத்து என்று ஒன்று இங்கே இருக்கிறது என்றால் முதலில் சொல்ல வேண்டியது இந்த பஸ்களைத்தான். ரயில் தடத்தை ஒட்டி இருப்பவர்களுக்கு கேடிஎம் கொமுட்டர் உதவும். கூலிமுக்கு அதுவும் இல்லை. பேக்டரி பஸ்ஸுக்கு ஆகும் செலவை முதலாளிகள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆளாளுக்குத் தனித்தனியாக. பிரான்ஸ் செய்தது இந்தப் பணத்தை ஒரே பையில் போட்டதுதான். 1971இல் பாரிஸ் வட்டாரத்திலும் பிறகு மற்ற நகரங்களிலும், முதலாளிகள் சம்பளப் பட்டியலில் ஒரு சிறு விழுக்காட்டைப் போக்குவரத்துக்கென்று செலுத்த வேண்டும் என்றார்கள். இன்று 11 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் அதைக் கட்டுகின்றன. ஊர்கள் கூடி அமைத்த போக்குவரத்து அமைப்புக்கு அந்தப் பணம் போகிறது. நமக்கு அப்படி ஒரு வரி வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் போட முடியும், மன்றங்களால் முடியாது. ஆனால் நான்கு தொழிற்சாலைகள் தங்கள் பஸ்களைப் பொதுவாக்கிக்கொள்ள நாடாளுமன்றம் தேவையில்லை.

இன்னோர் ஊரின் கணக்கும் எனக்குப் பிடிக்கும். சுவிட்சர்லாந்தின் சூரிக் மாநிலத்தில் 1990 முதல் ரயில், டிராம், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். டிக்கெட் பணம் போகத் துண்டு விழும் தொகையில் பாதி மாநிலத்துடையது, மறுபாதி ஊராட்சிகளுடையது. அந்த மறுபாதியை எப்படிப் பிரிப்பது? 80 விழுக்காட்டை அந்தந்த ஊருக்குக் கிடைக்கும் சேவையின் அளவை வைத்தும், 20 விழுக்காட்டை ஊரின் வரி வசதியை வைத்தும் பிரிக்கிறார்கள். பஸ் அதிகம் நிற்கும் ஊர் அதிகம் கொடுக்கும், வசதியான ஊர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும்.

இதை உங்கள் கூலிம் பஸ்ஸுக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான். தடத்தில் 40 நிறுத்தம்: கூலிமில் 14, செபராங் பிறையில் 18, தீவில் 8. மாநிலங்களின் பங்கு போக மன்றங்கள் தலையில் விழும் நட்டம் ஒரு வெள்ளி, அதாவது 100 காசு. அதில் 80 காசை நிறுத்தப்படி பிரித்தால் கூலிம் 28, செபராங் பிறை 36, தீவு 16. மீதி 20 காசை வசதிப்படி பிரித்து, கூலிம் 3, செபராங் பிறை 6, தீவு 11 என்று வையுங்கள். மொத்தம் கூலிம் 31 காசு, செபராங் பிறை 42, தீவு 27. உடனே கூலிம்காரர் எழுந்து, “உழைப்பு எங்களுடையது, லாபம் உங்களுடையது, எங்களிடம் 31 காசா?” என்பார். தீவுக்காரர், “ஏறுகிறவர் எல்லாம் உங்கள் ஆள்கள்தானே!” என்பார். செபராங் பிறைக்காரர், “வழியில் இருப்பது ஒரு குற்றமா?” என்பார். இந்தச் சண்டை நடக்க வேண்டும். ஒத்துழைப்பு என்று பத்திரிகையில் கைகுலுக்கிப் படம் போடுவதைவிட இந்த 31 காசுச் சண்டை எனக்குப் பெரிது. வரைபடம் வரைவது சுலபம். எங்கள் அலமாரியில் எத்தனையோ வண்ண வரைபடங்கள் கரையான் தின்றன. நட்டத்தை யார் எந்த விகிதத்தில் தாங்குவது என்று முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், தடம் தானாக வரும்.

மான்செஸ்டரில் பத்து ஊராட்சிகள் இப்படிச் சேர்ந்து, 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் வட்டாரத்து பஸ்களையெல்லாம் தங்கள் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டன. அங்கே சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. இங்கே உரிமம் புத்ராஜெயாவிடம் இருக்கும் வரை அதை அப்படியே செய்ய முடியாது. ஆனாலும் உரிமம் தருகிறவரிடம் மூன்று மன்றங்களும் ஒரே தாளில் ஒரே தடத்தைக் கேட்டு, நட்டத்தில் எங்கள் பங்கு இவ்வளவு என்று எழுதிப் போனால், மறுக்கிறவருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். இதை இழுத்தடிக்கவும் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் இரண்டு பாலத்திலும் டோல் இல்லை. மழையானாலும் காற்றானாலும் கடல் நடுவே இரண்டு சக்கரத்தில் போவது பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. ஒரு தலைமுறைக்கு அந்தப் பழக்கம் படிந்த பிறகு எந்த பஸ் வந்தாலும் காலியாகத்தான் ஓடும்.

நீங்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. மூன்று நாள் காலை லூனாஸ் சாலையோரம் நின்று பேக்டரி பஸ்களை எண்ணுங்கள். எந்த வட்டாரத்துக்குப் போகிறது, எத்தனை இருக்கை காலி என்று ஒரு தாளில் குறியுங்கள். நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் பாடாங் செராயையும் எண்ணிவிடலாம். பிறகு அதை ஒரே கடிதமாக எழுதி, முகவரிப் பகுதியில் மூன்று மன்றங்களின் பெயரையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டு, மூன்றுக்கும் அனுப்புங்கள். தனித்தனிக் கடிதம் வேண்டாம். தனித்தனியாகப் போனால், “தங்கள் கோரிக்கை இம்மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று” என்று மூன்று இடத்திலிருந்தும் பதில் வரும். அந்த வரியை நானே எத்தனை முறை தட்டச்சு செய்து கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.